வால்வு ஆம்ப் மக்கர் செய்தால்: ஸ்பீக்கர் பொருத்தமும் பயாஸும், அறிகுறி வாரியாக

வால்வு ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பழுது வந்தாலும் முதலில் கை போவது வால்வின் மேல்தான். கழற்றுவது எளிது, புதிது செருகுவதும் எளிது. ஆனால் நான் திறந்து பார்த்த ஆம்புகளில் பல நேரம் வால்வின் மேல் குற்றமே இல்லை. ஸ்பீக்கரை ஆம்பின் 4, 8, 16 ஓம் முனைகளில் பொருந்தாத ஒன்றில் மாட்டியிருப்பார்கள், பயாஸை (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஏற்பாடு) திருகிச் சரிசெய்யும் ப்ரீசெட்டில் தூசி ஏறியிருக்கும், அல்லது ஒரு கப்பாசிட்டர் கசிந்துகொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் புது வால்வைப் போட்டால் அதுவும் சில நாளில் அதே வழியில் போய்விடும்.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஆம்ப் எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## கை வைக்கும் முன்

வால்வின் ப்ளேட்டில் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் உலோகத் தகடு) பொதுவாக 250 முதல் 500 வோல்ட் வரை டிசி நிற்கும். அது ஆளைக் கொல்லும் மின்சாரம். சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம், சில ஆம்புகளில் வெகுநேரம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பாசிட்டரின் குறுக்கேயும் அதைச் சில விநாடிகள் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்த பின்தான் உள்ளே விரல் போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். கப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் ஆபத்து.

ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், அணைந்திருக்கும்போதே கிளிப்பை மாட்டிவிட்டு, பிறகு ஆன் செய்து, மீட்டரை மட்டும் பாருங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே கை, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். மீட்டரும் அதன் கம்பிகளும் 1000 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். ஆம்பின் மேலேயே பயாஸ் அளக்கும் துளைகள் இருந்தால் மூடியைத் திறக்கவே தேவையில்லை.

இன்னொரு விதி ஆம்பின் உயிருக்கானது: ஸ்பீக்கரோ, அதற்கு ஈடான ரெசிஸ்டரோ இல்லாமல் வால்வு ஆம்பில் சிக்னல் கொடுக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் ஸ்பீக்கர் கம்பி ஷார்ட் ஆவதற்குத்தான் பயப்படுவார்கள், திறந்து கிடந்தால் கவலைப்பட மாட்டார்கள். இங்கே நேர்மாறு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சேர்ந்த ஆற்றல் போக வழியில்லாமல் போனால் ப்ளேட் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறும். சாக்கெட்டில் பொறி பறக்கும், இல்லையென்றால் சுற்றின் இன்சுலேஷன் ஓட்டையாகும். எனக்கே இது நடந்தது. ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். ஸ்பீக்கர் கம்பி பின்பக்கம் லூசாக இருந்தது. உள்ளே ‘டப்’பென்று கேட்டது, டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிச் சுற்று அறுந்துபோயிருந்தது. ஒரு பக்கம் சத்தம் நின்றால் வால்யூமைக் குறைப்பதுதான் முதல் வேலை.

கடைசியாக, தேடும் முறை. ஸ்டீரியோ ஆம்பில் உங்களிடம் ஒரே மாதிரி இரண்டு ஆம்புகள் இருக்கின்றன. ஒன்று நன்றாக ஓடுகிறது, மற்றது ஓடவில்லை. அணைத்துவிட்டு ஏதாவது ஒன்றை மட்டும் இடம் வலம் மாற்றுங்கள்: முதலில் இன்புட் கம்பி, அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் சிறிய வால்வுகள், கடைசியில் பவர் வால்வுகள். பழுது எதோடு சேர்ந்து நகர்கிறதோ அதில்தான் கோளாறு. நகராமல் அதே பக்கம் நின்றால் ஆம்பின் உள்ளே. பவர் வால்வை மாற்றிய ஒவ்வொரு முறையும் பயாஸை மறுபடி பார்க்க வேண்டும்.

## பாஸ் தொளதொளவென்று இருக்கிறது, அல்லது ஒலியின் நிறமே மாறிவிட்டது

இது பெரும்பாலும் பழுதே இல்லை, பொருத்தக் குறைவு.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு என்று சொந்தமாக ஓம் கணக்கு கிடையாது. ஸ்பீக்கரின் ஓமைச் சுற்றுகளின் விகிதத்தால் பெருக்கி வால்வுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை, அதுவும் விகிதத்தின் வர்க்கத்தால். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 8 ஓம் முனையில் 8 ஓம் ஸ்பீக்கரை வைத்தால் வால்வுக்கு 6600 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6600-ஐ 8-ஆல் வகுத்தால் 825, விகிதம் ஏறக்குறைய 28.7-க்கு 1. அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு பார்ப்பது 3300 ஓம். 16 ஓம் மாட்டினால் 13,200.

வால்வு பார்க்கும் இந்த ஓம்தான் சுமை. அது குறைந்தால் வால்வு அதிக மின்னோட்டத்தை அசைக்க வேண்டும். திரிபு கூடும், பவர் குறையும், சத்தமாக ஓட்டும்போது ப்ளேட் சூடேறும். சுமை கூடினால் வோல்ட்டேஜ் ஆட்டம் பெரிதாகும். இஎல் 34 போன்ற பென்டோடுகளில் (ஐந்து மின்முனை வால்வுகள்) ப்ளேட்டுக்கு முன்னால் இருக்கும் துணை வலையான ஸ்க்ரீன் கிரிட் பாடுபடும். நல்ல ஆம்பில், மிதமான சத்தத்தில், பாதியோ இரட்டிப்போ ஆன சுமை உடனே கெடுதல் செய்யாது. அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

உங்கள் ஸ்பீக்கர் உண்மையில் எத்தனை ஓம்? மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டும். அது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. 3 ஓம் அளவில் காட்டினால் 4 ஓம் வகை. ஒலி ஓடும்போது இம்பிடன்ஸ் (ஒலி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) ஒரே எண்ணாக நிற்பதில்லை. பாஸ் ரெசனன்ஸில் (கோன் இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) 30 ஓமுக்கும் மேலே ஏறும், நடுவில் 6-க்கு அருகில் இறங்கும். ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரநிலைப்படி குறைந்தபட்ச மதிப்பு, எழுதியிருக்கும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 ஓம் என்றால் 6.4. இதை மதிக்காமல் 8 என்று எழுதிவிட்டு நடுவில் 4 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அப்படிப்பட்டதை 4 ஓம் முனையில்தான் நான் மாட்டுவேன்.

இந்த ஏற்ற இறக்கம்தான் பாஸையும் நிறத்தையும் மாற்றுகிறது. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பித் திரிபைக் குறைக்கும் முறை) இல்லாத, மூன்று மின்முனை வால்வான டிரையோடு ஒற்றையாக ஓடும் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் 2.5 ஓம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 30 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் வோல்ட்டேஜில் 92 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகிறது, 6 ஓமாக இருக்கும் இடத்தில் 71 சதவீதம்தான். இரண்டுக்கும் இடையில் 2.3 டெசிபல் வித்தியாசம். ரெசனன்ஸ் இருக்கும் பாஸ் பகுதி அந்த அளவு தூக்கிக் கேட்கும், கூடவே கோனை அடக்கிப் பிடிக்கும் சக்தியும் குறைவு. ஒரே ஆம்ப் ஒரு ஸ்பீக்கரில் இனிமையாகவும் இன்னொன்றில் கொழகொழவென்றும் கேட்பதன் காரணம் இதுதான்.

முதல் மருந்து, ஒரு படி கீழே உள்ள முனை. 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டினால் அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியாகிறது, பாஸ் இறுகுகிறது. கிடைக்கும் அதிகபட்ச பவர் குறையும், அவ்வளவுதான் விலை. அணைத்துவிட்டு மாற்றி இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள். காதுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், முனையின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில்லை.

ஒரே பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டுபவர்கள் கவனிக்க: இரண்டு 8 ஓம் பேரலலில் 4, சீரியஸில் 16.

## வால்யூம் பாதியைத் தாண்டினால் ஒலி கிழிகிறது

முன்பு நன்றாக ஓடி இப்போது கிழிகிறதா, அல்லது முதல் நாளிலிருந்தே இப்படித்தானா? முதல் நாளிலிருந்தே என்றால் கணக்கைப் பாருங்கள்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்பது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த சத்தம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 300பி வால்வு ஒன்று ஒற்றையாக 8 வாட் அளவு தரும், 1 வாட்டிலிருந்து அது 9 டெசிபல்தான் மேலே. 86 டெசிபல் ஸ்பீக்கரில் உச்சம் 95, 96 டெசிபல் ஸ்பீக்கரில் 105. அந்த 10 டெசிபலை ஆம்பின் பக்கமிருந்து ஈடுகட்ட 80 வாட் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் இன்னொரு சிக்கல்: அதே 2.83 வோல்ட் அங்கே 2 வாட். எனவே எழுதியிருக்கும் எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் ‘100 வாட்’ என்று இருப்பது அது தாங்கும் அளவு. ஆம்ப் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் கணக்கு இடித்தால் பயாஸைத் திருகி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஸ்பீக்கரை மாற்றுங்கள், அல்லது ஆம்பை.

முன்பு நன்றாக ஓடியது என்றால் பவர் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது பயாஸ் இறங்கியிருக்கலாம். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## மெல்லிய இடங்களில் ஒலி கரடுமுரடாக இருக்கிறது. சத்தமாக வைத்தால் தேவலை

புஷ்புல் ஆம்பில் (ஒலி அலையின் இரு பாதிகளை இரண்டு பவர் வால்வுகள் பகிர்ந்துகொள்ளும் வகை) இந்த அறிகுறி கேட்டால் பயாஸ் மிகவும் குளிர்ந்து கிடக்கிறது, அதாவது ஓய்வு மின்னோட்டம் குறைவு. ஒரு வால்வு கைமாற்றும் இடத்தில் மற்றது இன்னும் விழித்திருக்கவில்லை. பயாஸை அளக்க வேண்டும்.

முதலில் உங்கள் ஆம்ப் எந்த வகை என்று தெரிய வேண்டும். பெயர்களே குழப்பும். ‘ஃபிக்ஸ்டு பயாஸ்’ என்பதில்தான் ப்ரீசெட் இருக்கும், கையால் சரிசெய்ய வேண்டும். தனியாக ஒரு நெகட்டிவ் சப்ளை கிரிட்டுக்குப் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) போகும். ‘கேத்தோடு பயாஸ்’ என்பதில் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான்களை வெளியிடும் மின்முனை) எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும். மின்னோட்டம் கூடினால் கேத்தோடு வோல்ட்டேஜ் ஏறித் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். இதில் திருக எதுவும் கிடையாது, ஆனால் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். உதாரணமாக இஎல் 84 ஒற்றையாக ஓடும் ஆம்பில் 135 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 7.2 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 53 மில்லி ஆம்பியர். அதில் ஸ்க்ரீனின் பங்கு 5 சொச்சம். மீதி 48 ப்ளேட்டுடையது. ப்ளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 250 வோல்ட் என்றால் 12 வாட், அந்த வால்வின் எல்லையே அதுதான். ஒற்றையாக ஓடும் கிளாஸ் ஏ ஆம்பில் (வால்வு எப்போதும் மின்னோட்டம் கடத்தும் வகை) எல்லைக்கு அருகில் ஓடுவது இயல்பு.

ஃபிக்ஸ்டு பயாஸில் பெரும்பாலும் கேத்தோடில் 1 ஓம் அல்லது 10 ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். 1 ஓமில் 1 மில்லி வோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர். 10 ஓமில் 400 மில்லி வோல்ட் காட்டினால் 40 மில்லி ஆம்பியர்.

எவ்வளவு வைப்பது? தயாரிப்பாளர் எண் கொடுத்திருந்தால் அதையே வையுங்கள், மேலே போகாதீர்கள். எண் கிடைக்காத கிளாஸ் ஏபி புஷ்புல் ஆம்பில் (சத்தம் கூடும்போது இரண்டு வால்வுகளும் மாறி மாறி ஓயும் வகை) ப்ளேட்டின் வாட் எல்லையில் 70 சதவீதத்தை உச்சவரம்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். இஎல் 34-இன் எல்லை 25 வாட், 6எல்6ஜிசி 30, கேடி 88-க்கு 42. இஎல் 34 என்றால் 25-இல் 70 சதவீதம் 17.5 வாட். ப்ளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 430 வோல்ட் இருந்தால் 17.5-ஐ 430-ஆல் வகுக்க, 40 மில்லி ஆம்பியர். கேத்தோடில் அளப்பதில் ஸ்க்ரீன் மின்னோட்டமும் சேர்ந்திருப்பதால் மீட்டரில் 40 என்று வைத்தாலே நீங்கள் பத்திரமான பக்கம் இருக்கிறீர்கள். 70 என்பது கூரை, போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை. நான் 60-இல் தொடங்கிக் காதால் கேட்டு, கரடுமுரடு போன இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஏற்றினால் வால்வின் ஆயுள் குறைவதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

செய்யும் முறை. ஸ்பீக்கர் மாட்டியிருக்கட்டும், இன்புட் இல்லாமல் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். புது வால்வு போட்டிருந்தால், ஆன் செய்வதற்கு முன்பே ப்ரீசெட்டை மின்னோட்டம் மிகக் குறையும் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்து மெதுவாக ஏற்றி, இலக்கில் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இருபது, முப்பது நிமிடம் போகட்டும், டிரான்ஸ்ஃபார்மரும் சேசிஸும் சூடாகிச் சமநிலைக்கு வர அவ்வளவு ஆகும். பிறகு முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வால்வை ஏற்றினால் பொது சப்ளை சற்று இறங்கி மற்றவை குறையும். அதனால் ஸ்டீரியோ புஷ்புல் ஆம்பின் நான்கு பவர் வால்வுகளையும் இரண்டு மூன்று சுற்று பார்க்க வேண்டும். கடைசியில் ப்ளேட் வோல்ட்டேஜை மறுபடி அளந்து வாட் கணக்கை இன்னொரு முறை போடுங்கள்.

புஷ்புல் ஜோடியில் இரண்டும் சமமாக இருப்பது, எண் எவ்வளவு என்பதை விட முக்கியம். இரண்டின் டிசி டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறி பாஸ் மெலியும். டொராய்டல் (வளைய வடிவ) கோர் என்றால் சில மில்லி ஆம்பியர் வித்தியாசத்தையே தாங்காது. ஒரே ப்ரீசெட்டில் ஜோடி முழுவதும் ஓடும் ஆம்புக்கு மேட்ச் செய்த வால்வுகள் அவசியம் என்பது இதனால்தான். தனித்தனி ப்ரீசெட் இருந்தால் அந்தக் கட்டாயம் குறைவு.

## ப்ளேட் சிவக்கிறது

உடனே அணையுங்கள், படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, அணைத்தாயிற்று. எது சிவந்தது என்று நினைவுபடுத்துங்கள். நான்கும் சிவந்தால் பொதுவான நெகட்டிவ் சப்ளை போய்விட்டது, அதன் டையோடையும் கப்பாசிட்டரையும் பாருங்கள். ஒரு பக்கத்து ஜோடி மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ப்ரீசெட், அல்லது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஊளையிடுகிறது (ஆசிலேட் ஆகிறது). ஒன்றே ஒன்று என்றால் அந்த வால்வு, அதன் சாக்கெட், அதற்குச் சிக்னல் கொண்டுவரும் கப்ளிங் கப்பாசிட்டர், கிரிட்டுக்குப் பயாஸ் வோல்ட்டேஜைச் சேர்க்கும் கிரிட் லீக் ரெசிஸ்டர், இந்த நான்கில் ஒன்று.

இங்கேதான் எல்லோரும் புது வால்வைப் போட்டு ஏமாறுகிறார்கள். நானும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு நல்ல வால்வுகளை இழந்த பிறகுதான் கிரிட்டை அளக்கக் கற்றுக்கொண்டேன். அளப்பது இப்படி. பவர் வால்வுகளை மட்டும் கழற்றுங்கள், அவற்றுக்குச் சிக்னல் தரும் டிரைவர் வால்வுகள் இருக்கட்டும். ஆன் செய்து அவை சூடானதும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் கிரிட் பின்னில் டிசி பாருங்கள். இஎல் 34, கேடி 88, 6எல்6, 6550 எல்லாவற்றிலும் அது 5-ஆம் பின், இஎல் 84-இல் 2-ஆம் பின். ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்பில் வால்வைப் பொறுத்து மைனஸ் 35-லிருந்து 55 வோல்ட் அளவில் எதிர்பார்க்கலாம், கேத்தோடு பயாஸில் பூஜ்யம். பவர் வால்வு இல்லாதபோது சப்ளை வோல்ட்டேஜ் வழக்கத்தை விட ஏறி நிற்கும், ஃபில்டர் கப்பாசிட்டருக்குச் சிரமம். எனவே சீக்கிரம் முடித்துவிட்டு அணையுங்கள்.

மூன்று சாக்கெட்டில் மைனஸ் 38, ஒன்றில் மட்டும் மைனஸ் 29 என்று வந்தால் கப்ளிங் கப்பாசிட்டர் கசிகிறது. டிரைவரின் ப்ளேட்டில் உள்ள பாசிட்டிவ் வோல்ட்டேஜ் அதன் வழியாக கிரிட்டுக்கு வந்து பயாஸைத் தின்கிறது. 220 கிலோ ஓம் கிரிட் லீக்கில் 9 வோல்ட் குறைய 41 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் போதும். இவ்வளவு சிறிய கசிவைச் சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் பிடிபடாது, இந்த முறையில்தான் தெரியும். ஆம்பை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, கப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி அளங்கள். மைனஸ் 38 திரும்பினால் உறுதி. பழைய ஆம்ப் என்றால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவேன். ஒன்று கசிந்தால் அதே வயதுள்ள மற்றவையும் தொலைவில் இல்லை.

வோல்ட்டேஜே இல்லை, அல்லது அலைபாய்கிறது என்றால் கிரிட் லீக் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருக்கலாம், அல்லது சாக்கெட் பின் தளர்ந்திருக்கலாம். ப்ரீசெட்டைத் திருப்பும்போது எண் வழுவழுப்பாக மாறாமல் குதித்தால் உள்ளே நகரும் தொடுமுனை, அதாவது துடைப்பான், சரியாகத் தொடவில்லை. சுத்தம் செய்வதை விடப் புதிது போடுவது நல்லது. அந்த நேரத்தில், துடைப்பான் விட்டுப்போனாலும் கிரிட் முழு நெகட்டிவுக்குப் போகும்படி ஒரு ரெசிஸ்டர் சேர்க்க இடமிருந்தால் சேர்த்துவிடுங்கள். வால்வு செத்துப்போகாமல் வெறுமனே உறங்கிவிடும்.

எல்லா சாக்கெட்டிலும் எண் சரியாக இருந்தால் குற்றம் வால்வில்தான். அதை வேறு சாக்கெட்டில் போட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு கூடவே வந்தால் ஒதுக்கிவிடலாம்.

வகையை மாற்றுபவர்களுக்கு: 6எல்6-க்குக் கட்டிய ஆம்பில் இஎல் 34 போடும்போது 1-ஆம் பின் 8-ஆம் பின்னோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இஎல் 34-இல் சப்ரெசர் கிரிட் அந்த 1-ஆம் பின்னில்தான் வெளியே வருகிறது. 6எல்6-க்கு அது தேவையில்லாததால் சிலர் இணைத்திருக்க மாட்டார்கள். கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் கூடுதல் பசி, 6எல்6-க்கு 0.9 ஆம்பியர், இஎல் 34-க்கு 1.5.

## பயாஸ் வைத்த இடத்தில் நிற்கவில்லை

புது வால்வு முதல் சில நாள் நகரத்தான் செய்யும். முதல் வாரம் இரண்டு முறையும், அதன் பின் மாதத்துக்கு ஒரு முறையும் பார்த்தால் போதும். காலையும் மாலையும் வெவ்வேறு எண் வந்தால் சுவர் மின்சாரத்தை அளங்கள். 220 வோல்ட்டுக்குச் செய்த பழைய ஆம்பை 240-இல் ஓட்டினால் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9-ஐ நெருங்கும், ப்ளேட் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். மின்சாரம் வழக்கமாக இருக்கும் நேரத்தில் பயாஸை வையுங்கள்.

கவலைப்பட வேண்டியது ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும் எண். முப்பது நிமிடத்தில் 40, ஒரு மணியில் 48, இன்னும் ஏறுகிறது என்றால் வால்வுக்குள் வாயு சேர்ந்திருக்கலாம், அல்லது கிரிட் லீக் ரெசிஸ்டர் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். 6எல்6ஜிசி-க்கு ஃபிக்ஸ்டு பயாஸில் அதிகபட்சம் 100 கிலோ ஓம், கேத்தோடு பயாஸில் 500 கிலோ ஓம் என்றே தரவுத்தாள் சொல்கிறது. கேத்தோடு பயாஸ் ஆம்பை ஃபிக்ஸ்டாக மாற்றிக் கட்டியவர்கள் இந்த ரெசிஸ்டரை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

## ஹம்

வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். ஹம் குறைந்தால் வால்யூமுக்கு முன்னால் உள்ள பகுதியில் பிரச்சினை, மாறாமல் நின்றால் அதற்குப் பின்னால். பிறகு அதன் சுருதியைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 50-இல் உறுமினால் ஹீட்டர், எர்த் லூப் (இணைத்த கருவிகளின் எர்த்துகள் வளையமாவது), வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு. 100-இல் உறுமினால் ஃபில்டர் கப்பாசிட்டர் அல்லது புஷ்புல் சமநிலை. 60 ஹெர்ட்ஸ் என்றால் 60, 120. காதால் பிரிக்கத் தெரியவில்லையா? போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு ஹெட்ஃபோனில் 50-ம் 100-ம் மாற்றி மாற்றிக் கேட்டால் எது என்று புரிந்துவிடும்.

100 என்றால் கப்பாசிட்டரை மாற்றும் முன் பயாஸைப் பாருங்கள். ஜோடியில் ஒன்று 30, மற்றது 45 என்று ஓடினால் சப்ளையின் சிற்றலை டிரான்ஸ்ஃபார்மரில் ரத்தாகாமல் ஸ்பீக்கருக்கு வரும். சமப்படுத்தியதுமே ஹம் அடங்கிப்போன ஆம்புகளைப் பார்த்திருக்கிறேன். அடங்காவிட்டால் கப்பாசிட்டரை மாற்றலாம். பெரிதாகப் போட்டால் நல்லது என்று ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வை ஒட்டிய முதல் கப்பாசிட்டரை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஜிஇசட் 34-க்கு 60 மைக்ரோஃபாரட், 5யு4ஜிபி-க்கு 40 என்று வரம்பு இருக்கிறது. தாண்டினால் ஆன் செய்யும் நேரத்தில் ரெக்டிஃபையர் உள்ளே பொறி பறக்கும்.

எர்த் லூப்பைச் சந்தேகித்தால் இன்புட் கம்பிகளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அதுதான். அதற்காக எர்த் பின்னை வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உள்ளே ஒரு கம்பி சேசிஸைத் தொட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பின்தான்.

புது ஸ்பீக்கர் வந்த பிறகு ஹம் வந்ததா? அதன் சென்சிட்டிவிட்டி 10 டெசிபல் கூடுதல் என்றால் பழைய ஹம்மையே 10 டெசிபல் கூட்டிக் காட்டுகிறது. ஆம்ப் கெட்டுப்போகவில்லை.

## கரகரப்பு, தட்டினால் மணிச்சத்தம்

மரப் பென்சிலால் சிறிய வால்வுகளை மெதுவாகத் தட்டுங்கள். லேசான ‘டிங்’ எல்லா வால்விலும் கேட்கும். ஒன்று மட்டும் கணீரென்று ஒலித்து நீண்டால், அல்லது ஊளையிட்டால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வையே ஒலியாக்கும் வால்வு. அதை ஆம்பின் பின் கட்டத்துக்கு மாற்றினாலே பல நேரம் போதும். தட்டும்போது கரகரத்தால் சாக்கெட் பின்னும் சால்டரும் லூஸ். தட்டாமலே, சூடான பிறகு தானாகக் கரகரத்தால் ப்ளேட் ரெசிஸ்டர்களைச் சந்தேகிக்கலாம், குறிப்பாகப் பழைய கார்பன் காம்போசிஷன் வகையை.

## ஃபியூஸ் போகிறது

ஆன் செய்த கணமே போனால் ரெக்டிஃபையர், முதல் கப்பாசிட்டர், பவர் டிரான்ஸ்ஃபார்மர். அரை நிமிடம் கழித்துப் போனால் பவர் வால்வு ஷார்ட், அல்லது பயாஸ் இல்லை. அதே அளவு, அதே வகை ஃபியூஸையே போடுங்கள். ரெக்டிஃபையர் வால்வு இருந்தால் அதைக் கழற்றி ஆன் செய்யுங்கள். ஃபியூஸ் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது. அதைத் திரும்பப் போட்டு, பவர் வால்வுகளைக் கழற்றி, கிரிட் வோல்ட்டேஜைப் பார்த்த பிறகு, ஜோடி ஜோடியாகச் செருகுங்கள். எல்லாவற்றையும் கழற்றியும் ஃபியூஸ் போனால் டிரான்ஸ்ஃபார்மர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

## வால்வுக்குள் நீல ஒளி

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல, பாட்டோடு ஆடும் நீல ஒளி இயல்பானது. எலக்ட்ரான் கண்ணாடியில் மோதுவதால் வருகிறது, நல்ல வால்விலும் இருக்கும். ப்ளேட்டுக்கு உள்ளே, மின்முனைகளுக்கு நடுவே ஊதாவும் இளஞ்சிவப்புமாக மேகம் போல நின்றால் வாயு, அந்த வால்வை வைத்திருக்காதீர்கள். உச்சியில் வெள்ளி போல மின்னும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, ஆன் செய்யக்கூட வேண்டாம்.

## குறிப்பேடு

ஆம்பின் பக்கத்திலேயே ஒரு சிறிய நோட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் தேதி, சுவர் வோல்ட்டேஜ், ப்ளேட் வோல்ட்டேஜ், ஒவ்வொரு வால்வின் மில்லி ஆம்பியர், ஸ்பீக்கர் எந்த முனையில் என்பதை எழுதுங்கள். வால்வுகளுக்கும் சாக்கெட்டுகளுக்கும் எண் கொடுத்துவிடுங்கள். ஒரு வால்வு மாதா மாதம் 40, 38, 35 என்று இறங்கி, ப்ரீசெட்டைக் கடைசிவரை திருப்பியும் 40-க்கு வர மறுத்தால் அதன் ஆயுள் முடிகிறது. மேட்ச் ஆன புது ஜோடிக்குச் சொல்லிவைக்கலாம். மற்ற மூன்றும் நிலையாக நிற்க, இரண்டாம் எண் சாக்கெட்டில் எந்த வால்வைப் போட்டாலும் எண் ஏறுகிறது என்று நோட்டு காட்டினால், வால்வைத் தொடாமல் அந்த சாக்கெட்டின் கப்ளிங் கப்பாசிட்டரை அளக்கத் தொடங்குங்கள்.